அளவு தெரிந்த கை
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மவர்கள் எந்த ஊரில் குடியேறினாலும் சில வருஷங்களில் அங்கே ஒரு கோயில் எழும்பிவிடும். கும்பாபிஷேக மலரில் நன்கொடையாளர், அர்ச்சகர், கட்டட ஒப்பந்தக்காரர் எல்லோர் பெயரும் இருக்கும். மூலவரைச் செதுக்கியவர் பெயரை மட்டும் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்தக் கை எப்படிப் பயிற்சி பெறுகிறது என்பதே இன்றைய பேச்சு.

மாமல்லபுரத்தில் 1957-ல் அரசு ஒரு சிற்பப் பயிற்சி மையத்தைத் தொடங்கியது. முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. பின்னர் பல்லாண்டு தலைமை வகித்தவர் அவருடைய புதல்வர் கணபதி ஸ்தபதி, கணிதம் படித்தவர். குமரிமுனையில் 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்ட 133 அடி திருவள்ளுவர் சிலை அவர் வடிவமைத்ததே. தகப்பனிடம் பிள்ளை கற்றுவந்த குலவித்தை இப்படி வகுப்பறைக்கு வந்தது. இன்று அது பட்டப்படிப்பு நடத்தும் அரசுக் கல்லூரி. கல், மரம், உலோகம், சுதை எல்லாம் அங்கே உண்டு.

உளிக்கு முன்னால் பென்சில். கோடும் வளைவும் கையில் படிந்த பிறகு தாள அளவு. விஞ்ஞானம் படித்த எனக்கு இதுதான் பெரிய வியப்பு. பெருமாள், சிவன் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம். கிரீடத்தை விட்டு, உச்சந்தலை முதல் பாதம் வரை உள்ள உயரத்தை 124 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் அங்குலம். ஆகவே 124 சென்டிமீட்டர் சிலைக்கு ஓர் அங்குலம் 1 சென்டிமீட்டர். 31 சென்டிமீட்டர் சிலைக்கு இரண்டரை மில்லிமீட்டர். தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டினால் 62, சரிபாதி! சிலை சிறுத்தாலும் பெருத்தாலும் விகிதம் மாறாது.

ஆனால் அளவு மட்டும் போதாது. மெழுகில் பிசகினால் மறுபடி ஒட்டலாம். கல்லில் மூக்கு நுனி தெறித்தால் தெறித்ததுதான். அந்த நிதானத்தை எந்தச் சூத்திரமும் தராது. வருஷக்கணக்கான பழக்கம்தான் தரும்.

இதை ஏன் சொல்கிறேன்? என் தமக்கை பிள்ளை பள்ளிப் படிப்பு முடிந்ததும் சிற்பம் படிக்க ஆசைப்பட்டான். தமக்கை என்னிடம் யோசனை கேட்டாள். "உளியைப் பிடித்தால் என்ன சம்பளம் வரும்?" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. பொறியியல் படித்தான், சௌக்கியமாகவே இருக்கிறான். எங்கள் பேட்டைக் கோயிலுக்குப் பெருமாள் விக்ரகம் வந்திறங்கிய அன்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவன் மட்டும் வெகுநேரம் விலகி நின்று, முகத்தையும் மார்பையும் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான். அவனும் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்பர்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த கும்பாபிஷேக மலரில் சிற்பியின் பெயரை முதல் பக்கத்தில் போடுங்கள். வீட்டுக் குழந்தை சிற்பம் படிக்கிறேன் என்றால், சம்பளத்தைக் கேட்குமுன் ஒருமுறை மாமல்லபுரம் அழைத்துப் போங்கள். நான் போகவில்லை.