முதற் காலடி பட்ட நாடு



தாய்நாட்டில் உயிர்தரித்திருக்க இயலாமல் எல்லை கடந்து ஓடிவருபவர்க்குப் புகலிடம் வேண்டும் என்பதை ஐரோப்பிய அரசுகள் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டே உள்ளன. அவை தம்முள் பிணங்குவது வேறொன்றைப் பற்றி. வந்தவரின் மனுவை விசாரித்து அவரைத் தாங்க வேண்டியது எந்த நாடு? இன்று அவ்வினாவையே ஆராய எண்ணுகின்றேன்.

இரண்டாம் உலகப் போரினால் வீடிழந்தோரை மனத்திற்கொண்டு 1951 ஆம் ஆண்டு ஜெனீவாவில் அகதிகள் பற்றிய சமவாயம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி முதலாந் திகதிக்கு முன் நிகழ்ந்தவற்றால் அகதியானோரை மட்டுமே அது கருதிற்று. 1967 ஆம் ஆண்டு நெறிமுறை அவ்வரம்பை நீக்கிய பின்னரே பிற்காலத்து அகதிகளுக்கும் அது உரியதாயிற்று. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பியனுப்பலாகாது என்பது அதன் 33 ஆம் உறுப்புரை. 1980களில் நம் நாட்டிலிருந்து சென்று ஜேர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளிற் புகலிடம் கோரிய தமிழரும் இச்சமவாயத்தின் வாயிலிலேயே நின்றனர்.

ஆயின் எந்நாடு இடந்தர வேண்டும் என்பதைச் சமவாயம் கூறவில்லை. அக்குறையை நிரப்ப 1990 ஆம் ஆண்டு டப்ளின் நகரில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நெருங்கிய குடும்பத்தவர் வதியும் நாடு, விசா வழங்கிய நாடு என்பன முதலிற் பார்க்கப்படும். இவை இல்லாதவிடத்து, அநுமதியின்றி முதன்முதல் எந்நாட்டினுள் நுழைந்தாரோ அந்நாடே பொறுப்பு. 2003 ஆம் ஆண்டு தொடக்கம் விரலடையாளங்கள் பொதுப் பதிவொன்றிற் சேர்க்கப்படுகின்றன. ஆதலால், கிரேக்கத்தில் இறங்கிப் பெல்ஜியத்தில் மனுச் செய்பவர் எவ்வழியே வந்தார் என்பது எளிதில் வெளிப்படும்.

கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். பாடசாலை அதிபராகிய எனக்கு ஓர் ஒப்புமை நினைவுக்கு வருகின்றது. ஆண்டின் இடையில் வந்து சேரும் பிள்ளைகள் யாவரையும் வாயிலுக்கு அண்மையிலுள்ள வகுப்பிலேயே இருத்துக என்று விதித்தால், அவ்வகுப்பாசிரியர் என் செய்வார்? கதவைச் சாத்தப் பார்ப்பார். அல்லது பெயரைப் பதியாமலே அடுத்த வகுப்பைக் கண்ணாற் காட்டிவிடுவார். ஐரோப்பாவின் தென்னெல்லையில் இரண்டும் நடந்தன.

2011 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கிரேக்கம் வழியாக வந்த ஆப்கானியர் ஒருவரைப் பெல்ஜியம் அங்கேயே திருப்பியனுப்பிற்று. அங்கு அவர் தடுத்து வைக்கப்பட்டார். பின்னர் உணவும் உறையுளுமின்றி வெளியிற் கிடந்தார். கிரேக்கம் மட்டுமன்று, நிலைமையை அறிந்திருந்தும் அனுப்பிவைத்த பெல்ஜியமும் மனித உரிமையை மீறியது என நீதிமன்றம் கண்டது. விதியைப் பின்பற்றியதே தவறாக முடிந்தது!

2015 ஆம் ஆண்டிலே சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் முதலிய நாடுகளிலிருந்து 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் வழியாக ஐரோப்பாவை அடைந்தனர். ஓர் இலட்சம் பேரும் வாழாத கிரேக்கத் தீவாகிய லெஸ்பொஸில் மட்டும் ஏறக்குறைய 5 இலட்சம் பேர் கரையேறினர். கிரேக்கத்திலும் இத்தாலியிலும் இருந்தோருள் 160,000 பேரை ஏனைய நாடுகள் பகிர்ந்துகொள்வதெனத் தீர்மானமாயிற்று. ஹங்கேரியும் சிலோவாக்கியாவும் இதனை எதிர்த்து வழக்காடி 2017 இல் தோற்றன. தோற்ற பின்னும் ஹங்கேரி ஒருவரையேனும் ஏற்கவில்லை. முடிவில் இடம் மாறியோர் 35,000 பேரளவே. 2016 மார்ச்சில் துருக்கியுடன் செய்த இணக்கத்தினால் வருகை குறைந்தது உண்மை; எனினும் தீவுகளில் எஞ்சியோர் தேங்கிப்போயினர். ஏறத்தாழ 3,000 பேருக்கென அமைந்த லெஸ்பொஸின் மோரியா முகாமில் 12,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்த வேளையில், 2020 செப்டெம்பரில், அது தீக்கிரையாயிற்று.

வேறு வழியும் உண்டு என்பதை 2022 ஆம் ஆண்டு காட்டிற்று. உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்துப் பத்து நாட்கள் செல்லுமுன், 2001 இல் இயற்றி ஒருமுறையேனும் கையாளாதிருந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் கையிலெடுத்தது. உக்ரேனியர் தாம் விரும்பிய நாட்டுக்குச் செல்லலாம். நீண்ட விசாரணையின்றி வதிவுரிமையும், தொழில் செய்யும் உரிமையும், பிள்ளைகளுக்குப் பாடசாலையும் கிடைக்கும். ஏறத்தாழ 40 இலட்சம் பேர் இவ்வாறு இடம்பெற்றனர். ஐரோப்பியர் என்பதனாலன்றோ அவர்க்குக் கதவு அகலத் திறந்தது எனக் கேட்பாரும் உளர்; கேட்பதில் நியாயமுண்டு. ஆயினும் உறவினரும் தொழிலும் உள்ள இடத்தை மக்கள் தாமே நாடிச் செல்ல விட்டதனால், எல்லைப்புற முகாம்களில் அவர்கள் ஆண்டுக்கணக்காய்த் தேங்கவில்லை.

2024 மே மாதத்தில் நிறைவேறி, 2026 ஜூன் தொடக்கம் நடைமுறைக்கு வருமென விதிக்கப்பட்ட புதிய சட்டத்தொகுதி இவ்வநுபவத்தைப் பொருட்படுத்தவில்லை என்பதே என் எண்ணம். முதற் காலடி விதி அதிலும் நிலைத்து நிற்கின்றது. அப்பொறுப்பு நீடிக்கும் காலம் 12 மாதத்திலிருந்து 20 மாதமாகக் கூட்டப்பட்டுள்ளது. கடலில் மீட்கப்பட்டோருக்கு மாத்திரம் 12 மாதம். ஏனைய நாடுகள் தம் பங்குக்கு ஆட்களை ஏற்கலாம். விரும்பாதவை ஆளொருவருக்கு 20,000 யூரோ என்ற கணக்கிற் பணம் செலுத்தலாம், அல்லது வேறு உதவி புரியலாம். பணம் பயனற்றதன்று. முகாமுக்குக் கூரையும் மருந்தும் அதனாற் கிடைக்கும். ஆனால் அது செலுத்தப்பட்ட பின்னும், மனுவைக் கையிலேந்தியவர் காத்திருக்கும் இடம் பெரும்பாலும் அதே கடற்கரைதான்.