பெயர் இல்லாத பதிவு

போராலும் பேரிடராலும் இடம்பெயர்ந்து முகாம்களில் தங்கியிருக்கும் பெண்கள்மீது நிகழும் வன்முறையைப் பற்றிய தகவல்களைத் திரட்டுவது மிகுந்த எச்சரிக்கையைக் கோரும் பணியாகும். ஏனெனில், பாதிக்கப்பட்டவரின் பெயர் ஒருமுறை வெளியே கசிந்தாலும் அவருடைய உயிருக்கே ஆபத்து நேரலாம். இதனைக் கருத்தில் கொண்டு, ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் சர்வதேச மீட்புக் குழுவும் இணைந்து, பாலினம்சார் வன்முறைத் தகவல் மேலாண்மை முறையை 2006-ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கின.

இம்முறையில், உதவி நாடி வந்தவர் கூறும் நிகழ்வு, பாலியல் வல்லுறவு, பாலியல் தாக்குதல், உடல்ரீதியான தாக்குதல், கட்டாயத் திருமணம், வளங்களையும் வாய்ப்புகளையும் மறுத்தல், மனரீதியான துன்புறுத்தல் என்னும் ஆறு வகைகளுள் ஒன்றாகப் பதிவாகிறது. படிவத்தில் பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண்ணே இடம்பெறுகிறது. பெயர் தாங்கிய ஒப்புதல் படிவம் தனியே பூட்டி வைக்கப்படுகிறது. நிகழ்வு காலையிலா மாலையிலா, வீட்டிலா சாலையிலா காட்டிலா என்பதும் குறிக்கப்படுவதால், விறகு பொறுக்கச் செல்லும் வழியில் ஆபத்து மிகுதி என்பது தொகுப்பில் தெரியவந்தால், மாற்று எரிபொருளுக்கோ காவலுக்கோ ஏற்பாடு செய்ய இயலும்.

எனினும், இப்பதிவுகள் காட்டுவது முறையிட்டவர்களின் எண்ணிக்கையை மட்டுமே. பதிவு குறைந்திருப்பதால் வன்முறையும் குறைந்துவிட்டது என்று முடிவு செய்வது பிழையாகும்.