நோயாளிகள் அல்லர், சிகிச்சைக்கு உரியவர்கள்



மருத்துவ உலகம் திருநங்கையரும் திருநம்பியருமான திருநர்களை எந்தப் பட்டியலில் வைக்கிறது என்பது டாக்டர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் சங்கதி அல்ல. ஓ.பி. சீட்டில் என்ன எழுதுவது, எந்த வார்டில் படுக்க வைப்பது, காப்பீடு உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவாகிறது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் ஏற்ற பத்தாவது நோய்ப் பட்டியலில் இவர்கள் மனநலக் கோளாறுகளுக்கு நடுவே, எஃப்-64 என்ற எண்ணில் இருந்தார்கள். 2019 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை பதினோராவது பட்டியலை ஏற்றது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் மனநல அத்தியாயத்திலிருந்து இவர்களை எடுத்துவிட்டு, பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்தில் ‘பாலின இசைவின்மை’ என்ற தலைப்பில் வைத்தார்கள். இது யாரோ கூச்சல் போட்டதற்காகச் செய்த சலுகை என்று சொல்வோர் உண்டு. மெக்சிகோ நகரில் 250 திருநர்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வை அவர்கள் படிக்கட்டும். இவர்களின் மன வேதனைக்கும் வாழ்க்கைச் சிதைவுக்கும் காரணம் பாலின உணர்வைவிட, வீட்டின் புறக்கணிப்பும் வெளியில் அனுபவித்த வன்முறையுமே என்று அந்த ஆய்வு காட்டியது. அடித்தவனை விட்டுவிட்டு, அடிபட்டவருக்குப் பைத்தியம் என்று பெயர் வைத்த பட்டியல்தான் அன்று திருத்தப்பட்டது.

உடனே ஒரு கேள்வி வரும்: “நோயே இல்லை என்றால் சிகிச்சை எதற்கு? அரசுப் பணத்தில் அறுவை எதற்கு?” நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன். கர்ப்பம் நோயா? இல்லை. அதற்காகக் கர்ப்பிணியை ஆஸ்பத்திரி வாசலோடு திருப்பி அனுப்புகிறோமா? மாதா மாதம் பரிசோதித்து, மாத்திரை கொடுத்து, தேவைப்பட்டால் அறுவையும் அரசுச் செலவிலேயே செய்கிறோம். அதே நியாயம்தான் இங்கேயும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இவர்களைப் பட்டியலிலிருந்தே நீக்காமல் வேறு அத்தியாயத்துக்கு மாற்றியது. அவமானம் போக வேண்டும், மருத்துவம் நிலைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தமிழ்நாடு இதை முன்பே உணர்ந்தது. 2008இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தோம். சென்னை அரசு மருத்துவமனைகளில் பாலின மாற்று அறுவையைக் கட்டணமில்லாமல் செய்தோம்.

ஆனால் ஏட்டில் மாறியது எல்லாம் சட்டத்திலும் பாடப் புத்தகத்திலும் மாறிவிட்டதா? 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தை அறிவிக்க அறுவை செய்தே தீர வேண்டும் என்பது அறமும் அல்ல, சட்டமும் அல்ல என்றது. ஆனால் 2019இல் நிறைவேறிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ, ஆண் என்றோ பெண் என்றோ சான்றிதழ் பெற அறுவை செய்துகொண்டு மருத்துவ அதிகாரியின் கடிதத்தோடு வரச் சொன்னது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்கில், பாலினத்தையும் பாலீர்ப்பையும் ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்ற பெயரில் நடந்த சிகிச்சைக்குத் தடை விதித்தார். மருத்துவப் பாடங்களைத் திருத்தவும் வழிவகுத்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அதே ஆணையம் 2024இல் வெளியிட்ட தடய மருத்துவப் பாடத்திட்டத்தில், தன்பாலின உறவு மறுபடி இயற்கைக்கு மாறான குற்றமாக நுழைந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே, செப்டம்பர் 5 அன்று அதைத் திரும்பப் பெற்றார்கள். நாம் கண்ணயர்ந்தால், போன பழி ஒரே சுற்றறிக்கையில் திரும்பி வரும்.

“மனநல மருத்துவரின் சான்று இல்லாமல் சிகிச்சை கொடுத்தால், அவசரப்பட்டு முடிவெடுத்துப் பின்னால் வருந்துவார்களே” என்கிறார்கள். மீள முடியாத அறுவைக்கு முன்னால் விளக்கிச் சொல்வதும், யோசிக்க நேரம் கொடுப்பதும், மனச்சோர்வு இருந்தால் அதற்கும் வைத்தியம் பார்ப்பதும் டாக்டரின் கடமைதான். ஆனால் “நீ உண்மையிலேயே பெண்தானா, நிரூபி” என்று வருடக்கணக்கில் அலையவிடுவது கடமை அல்ல, கொடுமை. கதவைச் சாத்தினால் தேவை தீர்ந்துபோகாது. அது மருந்துக்கடைக்குப் போகும். ஹார்மோனுக்காகக் கருத்தடை மாத்திரையைத் தாங்களே வாங்கி, அளவு தெரியாமல் விழுங்கும் திருநங்கைகள் இந்த நாட்டில் உண்டு. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் காலின் ரத்தக் குழாயில் ரத்தத்தை உறைய வைக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஹார்மோன் சிகிச்சையைக் கண்காணிக்க ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், ஈரலையும் ஹார்மோன் அளவையும் ரத்தத்தில் சோதிக்க வேண்டும். அறுவைக்குச் சென்னை போகட்டும். ரத்தம் கொடுக்கவும் மாத்திரை வாங்கவும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் வேப்பந்தட்டையிலிருந்தும் சென்னைக்கு பஸ் ஏற வேண்டுமா? “இங்கே எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 2011 கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 22,364 பேரைக் கண்டது. பயந்து வெளியே சொல்லாதவர்கள் அதில் இல்லை. அரசு மருத்துவமனை தலையை எண்ணி வைத்தியம் செய்யும் இடமும் இல்லை.

யார் டாக்டராகலாம் என்ற கேள்வியால் இந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்த மண் இந்த அரியலூர். நீட் தேர்வை எதிர்த்த குழுமூர் மாணவி அனிதாவின் மண். 2022 முதல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கிருந்து வரும் டாக்டர் எப்படிப்பட்டவராக வர வேண்டும் என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. ஆகவே கேட்கிறோம்: பழைய பழிகள் நீங்கிய பாடத்தை மாணவர்களுக்கு நடத்துங்கள். அரியலூரிலும் பெரம்பலூர் தலைமை மருத்துவமனையிலும் ஹார்மோன் கண்காணிப்புக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். வரிசையில் நிற்பவரை அவர் சொல்லும் பெயரால் கூப்பிடுங்கள். எந்த வார்டு என்று அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பில் எவராவது இவர்களைக் கோளாறு என்று சொன்னால், எழுந்து நின்று கேளுங்கள். கேட்பதற்குச் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது, அறிவியலும் உங்கள் பக்கம் இருக்கிறது.