தன் நேரம் தன் கையில்: கொட்டியாரக்குடாவும் விண்கலமும்

விண்வெளிக் குழுக்களின் உளவியலைத் திருகோணமலையில் பேசத் தக்க காரணம் உண்டு. 1659இல் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், அதைச் சீர்செய்ய இங்கே கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு கப்பித்தான் நொக்ஸ், அவர் மகன் றொபேட் உட்படப் பதினாறு பேரைக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றார்கள். சிறையில் அடைக்கவில்லை, வெவ்வேறு ஊர்களில் பிரித்து வைத்தார்கள், ஊரார் சோறு போட்டார்கள். ஆனால் நாளைய பொழுது அவர்கள் வசம் இல்லை. 1661இல் தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடனுக்குக் கொடுத்தார், வீடு கட்டினார். ஒரு முதியவர் வைத்திருந்த ஆங்கில விவிலியத்தை, பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்தே வாங்கினார். ஸ்டீவன் ரட்லண்ட் என்னும் தோழரோடு வடக்கே வியாபாரம் போகிற சாக்கில் ஆண்டுக்கணக்காக வழி பார்த்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் மனம் முறியாததற்கு, தன் நாளைத் தானே வகுத்துக்கொண்டதே முதற்காரணம் என்பது என் வாதம்.

ஒரு மனிதரை வைத்து விதி சொல்லலாமா, கைதியும் விரும்பிப் போன விண்வெளி வீரரும் ஒன்றா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகவே விரும்பிப் போனவர்களையே பார்ப்போம். 1973 நவம்பரில் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன், வில்லியம் போக் மூவருக்கும் அது முதற் பயணம். போக் வாந்தி எடுத்ததைத் தரைக்கட்டுப்பாட்டுக்குச் சொல்லாமல் விடலாம் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு நிலையத்தின் ஒலிப்பதிவில் விழுந்து, கண்டிப்புக் கிடைத்தது. நம்பிக்கை தொடக்கத்திலேயே கீறல் கண்டது. நிமிடக் கணக்கில் வகுத்த வேலைப்பட்டியல் டெலிபிரிண்டரில் நீள நீளமாக வந்து விழுந்தது. முந்தைய குழு பழகிப்போன பின் எட்டிய வேகத்தைப் புதியவர்களிடம் முதலிலேயே எதிர்பார்த்தார்கள். எரிச்சலும் பிழையும் பெருகின. டிசம்பர் இறுதியில் இரு தரப்பும் மனம்விட்டுப் பேசின. சாப்பாட்டு நேரத்தில் குறுக்கீடு நின்றது. சில்லறை வேலைகளை எப்போது செய்வது என்பதைக் குழுவிடமே விட்டார்கள். அதன்பின் வேலை குறையவில்லை, கூடியது. 84 நாட்கள் முடிந்து 1974 பெப்ரவரியில் திரும்பினார்கள். ஆட்கள் அதே மூவர். மாறியது அதிகாரப் பங்கீடு.

உயிராபத்து நிறைந்த இடத்தில் தரைக்கட்டுப்பாடு தளரலாமா என்பது கனமான மறுப்பு. கதவின் அழுத்தம், பிராணவாயு, தீ ஆகியவற்றில் தளரவே கூடாது. எப்போது உண்பது, எந்த வேலையை முதலில் எடுப்பது என்பவை அந்த வகையல்ல. தவிரவும், செவ்வாய்க்கு ஒரு சொல் போய்ச்சேர இருபது நிமிடத்துக்கு மேலும் ஆகக்கூடும். அங்கே குழு தானே முடிவெடுக்கப் பழகியிருக்க வேண்டும். அவசர வேளையில் அதைக் கற்க முடியாது.

இங்குள்ள கொட்பே மீன்பிடித் துறையிலிருந்து பலநாள் கலங்களில் ஆழ்கடல் போகும் தண்டயல்மாருக்கு, அதாவது படகுத் தலைவர்களுக்கு, இந்தச் சிக்கல் புதிதல்ல. யாரை யாரோடு ஏற்றுவது, சண்டை மூண்டால் எப்படித் தணிப்பது, முதல் தடவை வரும் பொடியனுக்கு எவ்வளவு வேலை கொடுப்பது என்பதெல்லாம் அவர்கள் அறிவு. திருகோணமலைப் பல்கலைக்கழக வளாக மாணவர்களே, அதைக் கேட்டு எழுதிவையுங்கள். இந்த உரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளையும் அதற்குத் துணைநிற்க வேண்டும்.