கடல் நடுவே ஒரு பீடம்

(பொன்விழா மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கின் பொன்விழா மாலையில் கச்சத்தீவுத் திருவிழாவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி விழாக் குழுவினர் பணித்தார்கள். உங்களில் பலர் அங்கே போய் வந்தவர்கள். இனிமேல் போக விரும்பும் இளைஞரும் பலர். "சாமி, கூட்டாளிகளோடு படகிலே போய் இரண்டு நாள் சந்தோசமாய் இருந்துவிட்டு வருகிறோம்" என்று பெயர் கொடுக்க வருகிறார்கள். சந்தோசமாய்ப் போங்கள். ஆனால் அங்கே நம்மை அழைப்பவர் யார், எதற்கு அழைக்கிறார் என்று அறிந்து போங்கள்.

இராமேசுவரத்துக்கு வடகிழக்கே, பாக் நீரிணையில் கிடக்கும் இத்தீவின் பரப்பு 285 ஏக்கர். அங்கே ஊரும் இல்லை, குடிநீரும் இல்லை. ஆயினும் கோயில் இருக்கிறது. தொண்டிப் பக்கத்து நம்புதாளையைச் சேர்ந்த ஒருவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அந்தோனியாருக்கு அங்கே கோயில் எழுப்பினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இப்போதுள்ள புதிய ஆலயம் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது.

அந்தோனியாரும் கடலில் அலைக்கழிந்தவரே. 1195-இல் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனில் பிறந்த அவர், வேதசாட்சியாய் உயிர்விடும் ஆசையோடு மொரோக்கோவுக்குக் கப்பலேறினார். அங்கே நோயில் விழுந்தார். திரும்பும் வழியில் புயல்காற்று அவருடைய கப்பலைச் சிசிலித் தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் போக நினைத்த இடம் வேறு, ஆண்டவர் சேர்த்த இடம் வேறு. அந்தக் கரையிலிருந்துதான் இத்தாலி முழுவதும் கேட்ட மறையுரைகள் புறப்பட்டன. காற்று திசைமாறிய நாளில் கடலோடி அவரை அழைப்பதில் வியப்பென்ன?

படகிலே திருவிழாவுக்குப் போவதில் ஒரு பாடம் உண்டு. மற்ற நாளில் மீனும் ஐஸும் வலையும் கிடக்கும் விசைப்படகு, அன்று கழுவித் துடைக்கப்பட்டுக் குடும்பங்களைச் சுமக்கிறது. அணியத்திலே சிறுவர்கள், நடுவிலே கட்டுச்சோற்று மூட்டையும் தண்ணீர்க் குடமும் வைத்துக்கொண்டு தாய்மார்கள். நேர்த்திக்கடனோடு வரும் இந்துச் சகோதரர்களும் கூடவே இருப்பார்கள். அங்கே முதல் வகுப்பு இல்லை. ஒருவருக்குத் தலை சுற்றினால் பக்கத்திலிருப்பவர் எலுமிச்சம்பழத்தை நீட்டுகிறார். செபமாலை சொல்லத் தொடங்கினால், பேச்சை நிறுத்தி எல்லோரும் பதில் சொல்கிறார்கள். தரையிலே அடுத்த வீட்டோடு பேசாதவர்கூட படகிலே முழங்கால் இடிக்க உட்கார வேண்டியிருக்கிறது!

அதே வேளையில் எதிர்க்கரையிலிருந்தும் படகுகள் வருகின்றன. யாழ்ப்பாணத்தார் குறிகட்டுவான் துறையில் படகேறி வருகிறார்கள். நெடுந்தீவிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். முதல் நாள் மாலையில் கொடியேற்றமும் சிலுவைப்பாதையும் திருப்பலியும் தேர்ப்பவனியும் உண்டு. மறுநாள் காலையில் திருவிழாத் திருப்பலியும் கொடியிறக்கமும் நடக்கும். இரு கரைக் குருக்களும் ஒரே பீடத்தில் நிற்கிறோம். 1974-இல் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கை இத்தீவை இலங்கையின் பக்கம் சேர்த்தது. அதன் 5-ஆம் பிரிவு, யாத்திரிகர் கடவுச்சீட்டு இல்லாமலே வந்துபோக வழிவிட்டது. பின்னர் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் பயணம் தடைப்பட்டது. 2009-இல் போர் ஓய்ந்தபின் மீண்டும் படகுகள் சென்றபோது, நெடுநாள் பிரிந்த உறவினர் அந்த மணலிலே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

ஆனால், அன்பர்களே, கட்டித்தழுவும் அந்த மணலில் மனத்தாங்கலும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது குருவுக்கு அழகல்ல. நம் மீனவர்கள் பிடிபட்டுச் சிறையில் கிடக்கிறார்கள். படகுகள் பறிபோகின்றன. 2017 மார்ச்சில் நம் கரை இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். அந்தத் துயரத்தில் அவ்வாண்டுத் திருவிழாவுக்கு நம்மவர் போகவில்லை. சிறைப்பட்டவர்களுக்காக 2024-இலும் போகவில்லை. அந்த வேதனையை நான் குறைசொல்லேன்.

எதிர்க்கரை மீனவனுக்கும் ஒரு வேதனை உண்டு. போரிலே தொழிலை இழந்து, கடன்பட்டு வலை வாங்கிக் கடலுக்குத் திரும்பியவன் அவன். நம் பக்கத்து இழுவைமடிகள் கடலடியை வாரிச் செல்லும்போது அவனுடைய வலையும் அறுபடுகிறது. இழுவைமடித் தொழிலை 2017-இல் இலங்கை சட்டப்படி தடை செய்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வலை அறுந்த வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? "சாமி நம்ம பக்கம் பேசவில்லையே" என்று எண்ணாதீர்கள். உங்கள் பக்கம் நிற்பதால்தான் சொல்கிறேன்.

பீடத்தருகே காணிக்கையோடு வரும்போது, உன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார் ஆண்டவர். நமக்கு அவன்மேல் உள்ள குறையை மட்டும் அவர் கேட்கவில்லை. அவனுக்கு நம்மேல் உள்ள குறையைக் கேட்கிறார். நம் ஊரிலே அந்தச் சகோதரனைத் தேடிக் கடல் கடக்க வேண்டும். கச்சத்தீவிலோ, அவன் நமக்கு அடுத்தே முழந்தாளிட்டிருக்கிறான்! இதைவிட வேறென்ன வாய்ப்பு வேண்டும்?

ஆகவே, பெயர் கொடுக்க வருகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள். மதுவும் தடுக்கப்பட்ட சரக்கும் படகில் ஏறவேண்டாம். கொண்டுபோன குப்பையை அந்தத் தீவில் விட்டுவராதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கட்டுச்சோற்றை எதிர்க்கரை மீனவக் குடும்பம் ஒன்றோடு பகிர்ந்து உண்ணுங்கள். உண்ணும்போது முதலில் அவர்களைப் பேசவிட்டுக் கேளுங்கள். பிறகு உங்கள் வீட்டுத் துயரத்தையும் சொல்லுங்கள். அரசுகளின் பேச்சுவார்த்தை அதன் வழியில் நடக்கட்டும். அதுவரை இந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாது.

இருகரை மீனவரையும் கோடியற்புதரான புனித அந்தோனியார் காத்து, நமக்காக ஆண்டவரிடம் மன்றாடுவாராக. ஆமென்.