கொல்லைப்புறத்து அம்பரம்



மன அமைதி கிடைப்பது வீட்டிலா, வெளியூரிலா என்பது தலைப்பு. எதிரணியில் பேசிய நண்பர் ஊட்டிக்குப் போங்கள், கொடைக்கானலுக்குப் போங்கள், அதுவும் முடியாவிட்டால் இதோ பக்கத்திலே பிச்சாவரம், படகேறுங்கள் என்றார். போனோம் ஐயா! சுரபுன்னைக் காடு, அழகான வாய்க்கால், தலைக்கு மேலே கொக்கு. எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணினார் தெரியுமா? கரைக்கு வர்ற வரைக்கும் படகு வாடகையைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தார். (சிரிப்பு)

எங்கள் அணித் தலைவர் திண்ணையின் பெருமையைப் பேசினார். சொந்த அணியையே மறுக்கிறேன் என்று நினைக்கக் கூடாது. திண்ணை ஆம்பளைங்களுக்கு ஐயா. பேப்பர் படிக்கிறதுக்கும் அரசியல் பேசுறதுக்கும். அந்தக் காலத்துப் பொம்பளைக்கு ஆகாயம் தெரிஞ்ச இடம் இரண்டே இரண்டு. ஒன்று முற்றம், இன்னொன்று கொல்லை. (கைதட்டல்) முற்றத்திலும் வடாம் காயும், நெல் காயும், வேலைதான். கொல்லை ஒன்றுதான் அவளுக்குச் சொந்தம்.

கடலூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு, தாத்தா வைத்த ஒரு பலா மரம், அதன் அடியிலே துணி துவைக்கிற கல். பாத்திரம் கழுவி முடித்து, விளக்கேற்றுவதற்கு முன்னால், அம்மா அந்தக் கல்லில் போய் உட்காரும். "என்னம்மா பண்றே?" என்று கேட்டால், "சும்மா இருக்கேன்டி" என்று சொல்லும். அந்தச் சும்மாவுக்குத்தான் இன்றைக்கு ரிசார்ட்டில் நாள் வாடகை வாங்குகிறான்!

அப்பா காலமான மறு வருஷம், 2011 டிசம்பர் 30, தானே புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. பேருதான் தானே, தானே போகல, எங்க பலாவையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. முந்திரி, பலா, மாமரம் என்று மாவட்டமே வேரோடு கிடந்தது. பல நாள் கரண்ட் இல்லை. என் தம்பி சொன்னான், "மரம்தான் போயிடுச்சே, கொல்லையில ரெண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாம்." அவன் சொன்னதில் தப்பில்லை. பென்ஷன் இல்லாத வீடு. மூன்று நாள் அம்மா வாயே திறக்கவில்லை. நாலாம் நாள் சொன்னது: "ஒண்ணு கட்டிக்க. கல்லு கிடக்கிற இடத்தைத் தொடாதே. மரம் போனாலும் வெளி இருக்கில்ல?"

தில்லையிலே நின்று பேசுகிறேன், ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சித் என்றால் அறிவு, அம்பரம் என்றால் வெளி. ரகசியம் என்று திரையை விலக்கினால் உள்ளே உருவமா இருக்கிறது? தங்க வில்வ மாலை தொங்குகிறது, மற்றதெல்லாம் வெளி. பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்த வள்ளலார், 1872-ல் வடலூரிலே சத்திய ஞான சபை அமைத்தார். சுற்றிலும் என்ன வைத்தார்? பெருவெளி! எங்க அம்மா அதையெல்லாம் படித்ததில்லை. பத்தடிக்குப் பத்தடி வெளியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. (கைதட்டல்)

அங்கே ஒரு முருங்கைப் போத்தை நட்டது. அடுத்த வருஷமே காய்ச்சுது. குடி வந்த வீட்டுப் பெண்ணும் சாயங்காலத்தில் அங்கே வந்து உட்கார ஆரம்பித்தாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

இந்தப் பட்டிமன்றத்துக்காக நேற்றே ஊருக்குப் போனேன். மனசிலே ஆயிரம் குழப்பம். அதை மேடையில் சொல்ல முடியாது. நேராகக் கொல்லைக்குப் போனேன். அம்மா என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லிலே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டது.