இன்றைய பாணர்: சென்னை வயலின் கலைஞரின் அன்றாட வாழ்க்கை
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



புறநானூற்றின் 149ஆம் பாடலில் வன்பரணர், கண்டீரக் கோப்பெரு நள்ளியைப் பாடுகின்றார். காலைக்கு உரியது மருதப்பண்; மாலைக்கு உரியது செவ்வழி. நள்ளியை அடைந்த பாணர்களோ மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் இசைத்து, முறையையே மறந்துவிட்டனராம். அதற்குக் காரணம் நள்ளியின் வண்மை என்கின்றார் புலவர். வயிறு நிறைந்த மகிழ்ச்சியில் பண் மாறிற்று.

காலையில் ஒரு பண்ணும் மாலையில் மற்றொரு பண்ணுமாக வாழ்கின்ற கூட்டம் ஒன்று இன்றும் சென்னையில் உண்டு. மாதச் சம்பளம் இன்றி, அழைத்த இடத்திற்கெல்லாம் சென்று வாசிக்கும் வயலின் கலைஞர்களின் கூட்டம் அது. இவர்களுக்கு நள்ளி இல்லை. பண் மாறுவது பிழைப்பின் பொருட்டே.

வயலின் இந்த மண்ணுக்கு வந்த கதையே பல இசைகள் கலந்த கதைதான். முத்துசுவாமி தீட்சிதரின் இளவலான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பியரின் இசையைக் கேட்டு, ஐரோப்பியர் ஒருவரிடமே இக்கருவியைக் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்கு, 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தால் இழைத்த வயலினைப் பரிசளித்தார். மேலைநாட்டார் மோவாய்க்கும் தோளுக்கும் இடையே பொருத்தி வாசித்த கருவியைத் தென்னாட்டார் தரையில் அமர்ந்து, மார்புக்கும் வலக்கால் கணுவுக்கும் இடையே நிறுத்தினர். கருவியைத் தாங்கும் சுமையிலிருந்து இடக்கை விடுபட்டது. விடுபட்ட விரல்கள் கமகத்தில் வழுக்கி விளையாடின.

ஒரே கருவிக்கு இரண்டு இருக்கைகள், இரண்டு சுருதி முறைகள். இவ்விரண்டுக்கும் இடையே அன்றாடம் போய்வருவதுதான் இக்கலைஞரின் வாழ்க்கை.

1980களின் நடுவில் அத்தகைய ஒருவரின் நாள் எவ்வாறு கழிந்தது என்று பார்க்கலாம். அவருக்குப் பெயர் வேண்டியதில்லை. அவர் ஒருவரல்லர், பலர்.

காலையில் கோடம்பாக்கத்தை ஒட்டிய ஒலிப்பதிவுக் கூடம். நாற்காலியில் அமர்ந்து, வயலினைத் தோளில் ஏற்றுகின்றார். மேலைநாட்டு முறைப்படி ஜி, டி, ஏ, ஈ என்று நான்கு தந்திகளும் கூட்டப்படுகின்றன. இசையமைப்பாளர் எழுதிய குறிப்பு சற்று முன்புதான் தாங்கியில் வைக்கப்பட்டது. அதைப் பார்த்தவுடன் வாசிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் வில் மேலே போகும்போது இவருடைய வில்லும் மேலே போக வேண்டும். தம் வாசிப்பு தனியே கேட்காதபடி வாசிப்பதே இங்குத் திறமை. ஒருவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் பாடகர் முதல் தபலாக்காரர் வரை அனைவரும் மீண்டும் தொடங்க நேரும்.

நண்பகலுக்குப் பின் வீடு. மேலைநாட்டு இசைத் தேர்வுக்குப் படிக்கும் சிறுவர்கள் இருவர் காத்திருப்பர். அவர்கள் சென்றபின் பிருடைகளைத் திருகி, தந்திகளைச் சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் என்று மாற்றுகின்றார். குளிரூட்டிய கூடத்தில் இறுகியிருந்த மரம் சென்னையின் புழுக்கத்தில் இளகும். கூட்டிய சுருதி நிற்காது. வசதியுள்ளவர் இரண்டு வயலின்கள் வைத்திருப்பார். இல்லாதவர் ஒன்றையே நாள்தோறும் இரு பிறவி எடுக்க வைப்பார்.

மாலையில் கச்சேரி. இங்கு எழுதி வைத்த தாள் இல்லை. பெரும்பாலும் ஒத்திகையும் இல்லை. பாடகர் எந்த இராகத்தை எடுப்பார் என்பதும் மேடையிலேதான் தெரியும். முதல் பிடியிலேயே இராகத்தை உணர்ந்து, பாடகரின் குரலுக்கு ஒரு மூச்சுத் தூரம் பின்னால் நிழல்போல் செல்ல வேண்டும். தம் முறை வரும்போது அதே இராகத்தைச் சுருக்கமாக, ஆனால் தம் சொந்த மனத்திலிருந்து எடுத்து விரிக்க வேண்டும். காலையில் தம்மை மறைத்துக்கொண்டவர் மாலையில் தம்மைக் காட்ட வேண்டும். பாடகரை மிஞ்சாமலும் காட்ட வேண்டும்.

மறுநாள் பரதநாட்டிய அரங்கேற்றமாக இருக்கலாம். அங்கு அவர் கண் நட்டுவாங்கத்தின் மீது. அடுத்த நாள் திருமண வரவேற்பில் மெல்லிசை. டிசம்பரில் ஒருபுறம் சபாக்களின் இசைவிழா. மறுபுறம் தேவாலயங்களின் கிறிஸ்துமஸ் பாடல்கள். இவ்வாறு பலவற்றை வாசிப்பவரைப் பார்த்து, எதிலும் ஆழமில்லாதவர் என்று தூய்மைவாதிகள் சொல்வதுண்டு. கருதிப் பார்த்தால், பாலுசுவாமி தீட்சிதர் அயல்நாட்டுக் கருவியைக் கையில் எடுத்த அன்று என்ன செய்தாரோ, அதையே இவர்கள் ஒவ்வொரு நாளும் செய்கின்றனர்.

அந்த நாள்கள் மாறின. 1990களில், பல தந்திகளின் ஒலியையும் ஒருவரே விசைப்பலகையில் எழுப்பும் வசதி பரவிற்று. நாற்காலிகள் குறைந்தன. பின்னர்க் கணினி வந்தது. தந்தியிசை வேண்டும் என்று விரும்புவோருள் சிலர் இன்று இணையத்தின் வழியே புடாபெஸ்டிலும் ஸ்கோப்யேயிலும் உள்ள இசைக்குழுக்களைக் கொண்டு பதிவு செய்துகொள்கின்றனர். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் ஊரடங்கு வந்தபோது கச்சேரி, திருமணம், ஒலிப்பதிவு ஆகிய மூன்று வாயில்களும் ஒரே நாளில் அடைபட்டன.

சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் காட்சி ஒன்று உண்டு. கிணைமகள் குப்பைக் கீரையைக் கொய்து, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள். பசியினும் கொடியது அந்த நாணம். கலைஞனின் வீட்டில் வறுமை கதவை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். அழைப்பு வராத மாதத்திலும் வயலின் பெட்டியைத் துடைத்து, தேய்த்த சட்டை அணிந்து வெளியே செல்பவரைக் கண்டு, அவருக்கு வேலை இல்லை என்று தெரு அறியாது.

ஆயினும் பாணர் பண்பு ஒன்று அவர்களிடம் அழியவில்லை. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வரும் பாணனுக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. தமக்கு வேறு அழைப்பு இருக்கும் நாளில், வந்த வாய்ப்பை நண்பருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவது இக்கலைஞர்களின் வழக்கம். இடம், நேரம், பாடகரின் சுருதி எல்லாம் அதில் வந்துவிடும். அதுவும் ஓர் ஆற்றுப்படைதான். எழுதி வைப்பார் இல்லை.

இங்கே கவிஞர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. சிறுபாணாற்றுப்படையால் நல்லியக்கோடனின் பெயர் நின்றது. நத்தத்தனாரின் பெயரும் நின்றது. யாழைச் சுமந்து நடந்த பாணனின் பெயர் நமக்குத் தெரியாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. திரைப்பாடல் ஒலிநாடாவின் உறையில் கவிஞர், பாடகர், இசையமைப்பாளர் பெயர்கள் இருந்தன. வில் பிடித்தவர்களின் பெயர்கள் இல்லை. 1986இல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பில், திரையிசை வயலின் வரிசையிலிருந்து வி. எஸ். நரசிம்மன் தம் பெயருடன் முன்னே வந்தார். பின்னாளில் அவர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்னும் நால்வர் குழுவையும் தொடங்கினார். அவருடன் அமர்ந்திருந்த வரிசையில் எத்தனை பேருடைய பெயர்களை இரசிகர்கள் அறிவார்கள்?

பெயரைக் காக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. பரிபாடலின் பாடல்களுக்கு அடியில் மூன்று செய்திகளைக் குறித்து வைத்தனர்: பாடிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர். கடுவன் இளவெயினனாரின் பாடலுக்குப் பெட்டனாகனார் இசை வகுத்தார் என்பதும், பண் பாலையாழ் என்பதும் அதனால்தான் இன்றும் தெரிகின்றன. ஒரு வரி போதுமாயிருந்தது.

கவிதைகள் இசையோடு அரங்கேறும் மேடைகள் இலக்கிய வட்டங்களிலும் உண்டு. அத்தகைய விழாக்களின் அழைப்பிதழில் ‘பக்கவாத்தியத்துடன்’ என்று முடித்துவிடாமல், வயலின் வாசிப்பவரின் பெயரை முழுமையாக அச்சிடலாம். பேசிய தொகையை அன்று மாலையே உறையில் இட்டுக் கொடுக்கலாம். தம் பாடல் இசைத்தட்டாக வரும்போது, அதற்கு வாசித்தவர்களின் பட்டியலைக் கவிஞர் கேட்டு வாங்கலாம். நள்ளியின் வண்மை எல்லார்க்கும் வாய்க்காது. பெட்டனாகனாரின் பெயரை எழுதி வைத்தவரின் கடமை எல்லார்க்கும் இயலும்.